பென்டியம் 3 பெட்டி: 256 எம்பி ராம் 128 என்று காட்டுகிறது, 80 ஜிபி டிஸ்க் போட்டால் நின்றுவிடுகிறது (பெங்களூரு)

ஸ்ரீராமபுரம்_டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஸ்ரீராமபுரத்தில் ரொம்ப வருஷம் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஆடித் திருவிழா நோட்டீஸ், காரியப் பத்திரிகை, சங்கத்து ஆண்டு மலர் என்று அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு வேண்டியதெல்லாம் பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க அமைப்பு சாஃப்ட்வேரில் அமைத்துக் கொடுத்தவர். கடையை மூடியபோது கம்ப்யூட்டரை விற்றுவிட்டார். ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி பீரோவில் வைத்தார். தமிழ் டைப் செய்யும் சாஃப்ட்வேரின் டாங்கிளும் (அது திறக்க கம்ப்யூட்டரில் மாட்டும் பூட்டு), விண்டோஸ் 98 எஸ்இ, பேஜ்மேக்கர் சிடிகளும் கூடவே இருக்கின்றன.

அதே காலத்துப் பெட்டி ஒன்றை நிறுத்தி, அப்பா உட்கார்ந்து தன் பழைய வேலைகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அவருக்கு இப்போதும் டைப்ரைட்டர் லேஅவுட்தான் கையில் இருக்கிறது. குஜரிக் கடை ஒன்றில் ஒரு பெட்டி கிடைத்தது: பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ், ஸ்லாட் 1, இன்டெல் 440பிஎக்ஸ் போர்டு, 64 எம்பி ராம், டிஎன்டி2 ஏஜிபி கார்டு. ஹார்டு டிஸ்க் இல்லை. ஆன் செய்தால் டிஸ்ப்ளே வருகிறது.

சிக்கல்கள் இவை. எஸ்பி ரோட்டில் வாங்கிய 256 எம்பி எஸ்டிராம் 128 என்றுதான் எண்ணுகிறது. கையில் இருந்த 80 ஜிபி ஐடிஇ டிஸ்கை மாட்டினால் பிரைமரி மாஸ்டரைத் தேடும் இடத்திலேயே உறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய்விடுகிறது. சில சமயம் தானாக ரீசெட் ஆகிறது. இதையெல்லாம் சரிசெய்து, எதுவரை அப்கிரேடு செய்யலாம் என்று சொல்லுங்கள். அப்பாவின் டிஸ்கை இன்னும் மாட்டவில்லை.

பழையபெட்டி

தங்கச்சி, அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அந்த டிஸ்கை இந்தப் பெட்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். தானாக ரீசெட் ஆகும் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) நம்பி, வேறு பிரதியே இல்லாத டிஸ்கைக் கொடுக்கக் கூடாது. போதாததற்கு, 98 அதிலிருந்து பூட் ஆனால் புது போர்டைப் பார்த்ததும் டிரைவர்களை எல்லாம் மாற்றி எழுத ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை பிரதி எடுப்பது. தனி பவர் அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஐடிஇ கன்வர்ட்டர் ஒன்று வாங்குங்கள், எஸ்பி ரோட்டில் கிடைக்கும். டிஸ்கின் ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். லேப்டாப்பை லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, அந்த டிஸ்கை மவுண்ட் செய்யாமலே டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் புரோகிராமை ஓட்டி முழு இமேஜ் (டிஸ்கின் அப்படியே பிரதி) எடுங்கள். நேராக விண்டோஸில் செருகினால் அது தன்பாட்டுக்கு டிஸ்கில் ஏதாவது எழுதும். டிடிரெஸ்க்யூ நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் ஒன்று எழுதிக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் டக் டக் என்று அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள், மறுபடி மறுபடி முயலாதீர்கள்.

இமேஜ் கையில் வந்ததும் இன்னொரு பிரதி வேறு இடத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பெட்டியைக் கவனிக்கலாம்.

சாலிடர்கை

ராம் கெட்டுப்போகவில்லை மேடம். 440பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 128 மெகாபிட் சிப் வரைதான் தெரியும். 256 எம்பி ராமில் மொத்தம் 8 சிப் மட்டும் இருந்தால் அவை 256 மெகாபிட் சிப்கள். இந்த போர்டு அதில் பாதியைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் எட்டெட்டாக 16 சிப் இருக்கும் ராமைக் கேட்டு வாங்குங்கள். பிசி133 என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, 100-இல் ஓடும். கடையில் எண்ணிப் பார்த்தே வாங்குங்கள், லேபிளை நம்ப வேண்டாம். பழைய ராம் என்றால் கால்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

80 ஜிபி நிற்பது பயாஸ் (ஆன் செய்ததும் ஓடும், போர்டுக்குள் இருக்கும் புரோகிராம்) பிரச்சினை. 1999 நடுப்பகுதி வரை வந்த பல அவார்டு பயாஸ்கள் 65,535 சிலிண்டருக்கு மேல் போனால் அப்படியே உறைந்துவிடும். ஜிபி கணக்கில் அது சுமார் 33.8. போர்டு மாடலுக்குப் புது பயாஸ் கிடைத்தால் தீரும். ஆனால் ரீசெட் ஆகிற பெட்டியில் பயாஸ் ஃபிளாஷ் செய்யாதீர்கள், பாதியில் நின்றால் போர்டே போய்விடும். சில டிஸ்குகளில் 32 ஜிபிக்கு மேல் காட்டாமல் மறைக்கும் ஜம்பர் உண்டு, மேலே ஒட்டியிருக்கும் படத்தில் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும். 16 ஜிபி தாராளம். சத்தம் இல்லை, சூடு இல்லை.

தேதிக்கு சிஆர்2032 பேட்டரி மாற்றினால் போதும்.

ரீசெட்தான் இருப்பதிலேயே முக்கியம். பிராசசர் ஸ்லாட் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். அதோடு எஸ்எம்பிஎஸ்ஸையும் மீட்டரில் பாருங்கள்: சிவப்பு வயர் 4.75-இலிருந்து 5.25 வோல்ட்டுக்குள், மஞ்சள் 11.4-இலிருந்து 12.6-க்குள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

அல்சூர்_98

இவ்வளவு சிரமம் எதற்கு ப்ரோ? 86பாக்ஸ் என்ற எமுலேட்டர் போட்டால் லேப்டாப்பிலேயே பென்டியம் காலத்து மெஷின் அப்படியே ஓடும், 98-ம் ஏறும். நான் வீட்டில் அப்படித்தான் பழைய கேம்ஸ் ஆடுகிறேன். பெட்டியேதான் வேண்டும் என்றால் ஒரு ஜிபி ராம் போட்டு எக்ஸ்பி ஏற்றுங்கள், கார்டையும் ஜிஃபோர்ஸுக்கு மாற்றுங்கள்.

சாலிடர்கை

ஃபைலை எடுத்துப் பார்க்க மட்டும் என்றால் 86பாக்ஸ் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களிடம் டாங்கிள் இருக்கிறது. பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் போர்ட்) அந்தப் பூட்டு இல்லாமல் தமிழ் டைப் சாஃப்ட்வேர் திறக்காது. இப்போதைய லேப்டாப்பில் அந்த போர்ட் ஏது? யூஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கேபிளில் மாட்டினாலும் பெரும்பாலும் அது டாங்கிளைக் கண்டுகொள்ளாது.

கார்டு மாற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த போர்டின் ஏஜிபி 3.3 வோல்ட், 2எக்ஸ். பிற்காலத்து கார்டுகள் பல 1.5 வோல்ட். கார்டின் கீழே வெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அழுத்திச் செருகக் கூடாது. பேஜ்மேக்கருக்கு டிஎன்டி2 ஏராளம், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழையபெட்டி

ஒரு ஜிபி ராம் வேண்டவே வேண்டாம். 512-ஐத் தாண்டினால் 98-இல் விகேஷ் (டிஸ்க் தகவலை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவு எகிறி, மெமரி இல்லை என்று மெசேஜ் வரும். சிஸ்டம்.இனி ஃபைலில் மேக்ஸ்ஃபைல்கேஷ் வரி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அந்த வம்பே இந்த வேலைக்குத் தேவையில்லை. 256 போதும். அந்தக் காலத்தில் 64 எம்பியில் முழு ஆண்டு மலரையே பக்கம் கட்டியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு அப்கிரேடு என்றால் அதன் வயதுக்குள் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. நல்ல எஸ்எம்பிஎஸ், நல்ல கெப்பாசிட்டர், சத்தமில்லாத ஃபேன், காம்பாக்ட் ஃபிளாஷ். அதற்கு மேல் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அப்பாவுக்குப் பழகிய பெட்டியிலிருந்து உங்களைத் தூரமாகத்தான் கொண்டுபோகும். எக்ஸ்பி ஏற்றினால் டாங்கிள் டிரைவரிலிருந்து மறுபடி தேட வேண்டும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஸ்லாட் 1 போர்டுகள் பெரும்பாலும் பிராசசருக்கான கரண்டை 5 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கும், இப்போது வருவதெல்லாம் 12 வோல்ட்டில்தான் பலம். 20 ஆம்பியருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 24 பின் கனெக்டரில் அந்த 4 பின் தனியாகக் கழலும்படி இருக்கட்டும்.

ஸ்ரீராமபுரம்_டிடிபி

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி முதலில் இமேஜ் எடுத்துவிட்டேன். டிஸ்கின் கடைசிப் பகுதியில் கொஞ்சம் படிக்க முடியாத இடங்கள் இருந்தன, மற்றதெல்லாம் வந்துவிட்டது. அப்பாவின் ஃபோல்டர்கள் ஆண்டு வாரியாக அப்படியே இருக்கின்றன. கெப்பாசிட்டர்களில் சில உப்பித்தான் இருந்தன. எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் 4.6-க்கு இறங்குகிறது. இரண்டையும் மாற்றப் போகிறேன். கெப்பாசிட்டர் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

இன்னொன்று. சில லெட்டர் ஃபைல்களை லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது, சிலவற்றில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள். ஃபைல் கெட்டுவிட்டதா?

சாலிடர்கை

அதே மைக்ரோஃபாராட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்தது). இந்த நான்கையும் சொல்லிக் கேளுங்கள். சாதா கெப்பாசிட்டர் கொடுத்தால் வாங்காதீர்கள், போர்டு அன்றைக்கு ஓடும், பிறகு மறுபடி ரீசெட் ஆகும். உயரமும் குறுக்களவும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்லாட்டில் இடிக்கக் கூடாது. நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். பல லேயர் போர்டு என்பதால் சூடு சீக்கிரம் பரவிவிடும், சின்ன சாலிடரிங் அயர்ன் போதாது. பழக்கமில்லை என்றால் எஸ்பி ரோடு பக்கம் போர்டு சர்வீஸ் செய்பவரிடம் கொடுப்பதே மேல்.

எழுத்துரு_நேசன்

அக்கா, ஃபைல் கெடவில்லை, கவலைப்படாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எல்லாமே இப்படித்தான் தெரியும். விண்டோஸில் தமிழ் யூனிகோடு 2000-இல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. அதற்கு முன் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து எழுத்துரு செய்தார்கள். அரைப்புள்ளி நிறைய வந்தால் பாமினி வகை, அதில் புள்ளி இருப்பது அந்த விசையில். ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டேப் என்ற குறியீட்டு முறையாக இருக்கலாம். அவை தமிழை மேல் பாதியில் வைத்து, கீழ் பாதியில் ஆங்கிலத்தை அப்படியே விட்டவை. டேப், தமிழுக்கு மட்டுமான டேம் இரண்டையும் தமிழ்நாடு அரசு 1999-இல் தரமாக அறிவித்தது. பல கடைகளில் இந்த எல்லா வகையும் ஒரே டிஸ்கில் கலந்துதான் கிடக்கும். வெறும் வாசகம் மட்டும் வேண்டுமென்றால் யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்கலாம், முதலில் எந்த வகை என்று சரியாகத் தேர்வு செய்யுங்கள்.

ஆனால் பேஜ்மேக்கர் ஃபைலுக்கு அந்த எழுத்துருவேதான் வேண்டும். இல்லாவிட்டால் திறக்கும்போது பேனோஸ் என்ற எழுத்துரு மாற்றுப் பெட்டி வந்து வேறு எழுத்துருவை மாட்டிவிடும், பக்கம் முழுக்கக் குலைந்துவிடும். அப்படி வந்தால் சேவ் செய்யாமல் மூடுங்கள். இமேஜில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் இருக்கும். அதோடு சி டிரைவில் பிஎஸ்ஃபாண்ட்ஸ் என்று தனி ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்பா அடோபி டைப் மேனேஜர் வைத்து டைப் 1 எழுத்துருக்களும் பயன்படுத்தியிருக்கிறார். அதையும் மறக்காமல் எடுங்கள், பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான்.

ஸ்ரீராமபுரம்_டிடிபி

பிஎஸ்ஃபாண்ட்ஸ் இருக்கிறது தம்பி, மிக்க நன்றி!

இப்போது நிலவரம்: கெப்பாசிட்டர் மாற்றியாயிற்று, புது எஸ்எம்பிஎஸ், 16 சிப் ராம் 256 என்று முழுசாகக் காட்டுகிறது. 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷில் எஃப்டிஸ்கில் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தேன். ஆனால் சிடியிலிருந்து ஃபைல் காப்பி ஆவது நத்தை வேகம். கார்டிலிருந்து நேராக பூட்டும் ஆகவில்லை.

பழையபெட்டி

எஃப்டிஸ்கில் அந்தப் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கினீர்களா? அது இல்லாவிட்டால் பூட் ஆகாது. அதன் பிறகும் ஆகவில்லை என்றால் எஃப்டிஸ்கை எம்பிஆர் சுவிட்சோடு ஒருமுறை ஓட்டுங்கள், கேமராவுக்காகச் செய்த கார்டுகளில் பூட் பகுதி காலியாக இருக்கும். செட்டப் தொடங்கும் முன் ஸ்மார்ட்டிரைவ் (டிஸ்க் கேஷ் புரோகிராம்) ஏற்றிவிடுங்கள், காப்பி வேகம் நன்றாகவே கூடும்.

98 ஏறியதும் ஃபைல்களைக் கொண்டுபோக சிடி எழுத வேண்டாம். பெட்டியை ஆஃப் செய்து கார்டைக் கழற்றி, லேப்டாப்பில் கார்டு ரீடரில் செருகி இமேஜிலிருந்து நேராகப் போடுங்கள். ஃபேட்32 என்பதால் இரண்டுக்கும் படிக்க வரும். இந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்கவே வேண்டாம். 98-க்கு 2006 ஜூலையோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது.

ஸ்ரீராமபுரம்_டிடிபி

ஆக்டிவ் செய்ததும் பூட் ஆகிவிட்டது. 98, பேஜ்மேக்கர், டைப் மேனேஜர், எழுத்துருக்கள் எல்லாம் ஏற்றியாயிற்று. டாங்கிள் முதலில் தெரியவில்லை. பயாஸில் பேரலல் போர்ட் ஈசிபி முறையில் இருந்தது, பழைய சாதா முறையான எஸ்பிபிக்கு மாற்றியதும் தமிழ் சாஃப்ட்வேர் திறந்துவிட்டது. அப்பா உட்கார்ந்ததுமே கேட்டது கீபோர்டைத்தான், இது மெத்தென்று இருக்கிறது, பழையது மாதிரி தட்டினால் சத்தம் வருவது வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சிக்பேட் பஜாரில் பிஎஸ்2 கீபோர்டு தேடப் போகிறேன்.

கடைசியாக ஒரு உதவி. அந்த ஆண்டு மலர்களைச் சங்கத்தாருக்குக் கொடுக்க பிடிஎஃப் ஆக்க வேண்டும். இந்தப் பெட்டியிலிருந்து எப்படி?

எழுத்துரு_நேசன்

ஆட் பிரிண்டரில் ஆப்பிள் லேசர்ரைட்டர் மாதிரி ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைச் சேர்த்து, போர்ட்டை ஃபைல் என்று வையுங்கள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் எழுத்துருக்களைப் பிரிண்டருடையதாக மாற்றாமல், ஃபைலோடு அனுப்பும்படி தேர்வு செய்யுங்கள். பேஜ்மேக்கரில் பிரிண்ட் கொடுத்து வரும் ஃபைலை லேப்டாப்பில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வைத்து பிடிஎஃப் ஆக்கலாம். முதலில் ஒரே ஒரு பக்கத்தைச் செய்து, கொம்பும் காலும் சரியாக விழுகிறதா என்று அப்பாவிடமே காட்டுங்கள் அக்கா. அவர் சரி என்று சொன்ன பிறகு மொத்த மலரையும் ஓட்டுங்கள்.

ஸ்ரீராமபுரம்_டிடிபி

ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தேன், எழுத்து அத்தனையும் சரியாக வந்திருக்கிறது. படங்கள் இருந்த இடம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. லிங்க் செய்த டிஃப் ஃபைல்களை நான் வேறு ஃபோல்டரில் போட்டிருந்தேன், பழைய பாதையிலேயே வைத்ததும் அவையும் வந்துவிட்டன. இதே வேலை செய்கிறவர்கள் டிரைவ் எழுத்து, ஃபோல்டர் பெயர் எதையும் மாற்றாமல் காப்பி செய்யுங்கள். இழையை முடித்ததாக வைத்துக்கொள்ளலாம். நல்ல பிஎஸ்2 கீபோர்டு யாரிடமாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.