சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் இன்ஜின்எக்ஸ் 502 கொடுக்கிறது: எங்கே அடைப்பு?

கேள்வி

டெபியன் 12, கெர்னல் 6.1, 8 கோர், 16 ஜிபி ரேம். இந்தச் சர்வரில் வெப் சர்வரான இன்ஜின்எக்ஸ் 1.22 ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (ரிக்வெஸ்டை வாங்கிப் பின்னாலுள்ள ஆப்புக்குக் கடத்தும் இடைத்தரகனாக) ஓடுகிறது. பின்னால் வேறொரு மெஷினில் நோட்.ஜேஎஸ் 18 ஆப், ஒரே ஐபி, ஒரே போர்ட் 8080. வினாடிக்கு 400 ரிக்வெஸ்ட் வரை சிக்கலே இல்லை. 550-ஐத் தொட்டதும் 502 (பின்பக்கத்திலிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. அதுவும் விட்டு விட்டுத்தான்: ஏறக்குறைய 50 வினாடி சுத்தமாக ஓடும், அடுத்த சில வினாடிகளுக்குச் சரமாரியாக 502, மறுபடி சரியாகிவிடும்.

எரர் லாக்கில் பிழை எண் 99, கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று இருக்கிறது. இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் டைம்-வெயிட் (மூடிய பிறகும் சிறிது நேரம் வைத்திருக்கப்படும் இணைப்பு) 28 ஆயிரத்துக்கு மேல். சிபியு 15 சதவீதம்கூட இல்லை. சோமேக்ஸ்கான் என்ற கெர்னல் அமைப்பைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. பழைய கையேடு ஒன்றில் டைம்-வெயிட் இணைப்புகளைச் சீக்கிரம் விடுவிக்கும் டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிளை 1 ஆக்கச் சொல்கிறார்கள். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் அப்படி ஒரு அமைப்பே இல்லை என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1

நீங்கள் சொன்ன அந்த 50 வினாடியிலேயே விடை இருக்கிறது. உங்களிடம் போர்ட் தீர்ந்துபோகிறது.

ஒரு டிசிபி இணைப்புக்கு நான்கு அடையாளங்கள்: அனுப்பும் ஐபி, அனுப்பும் போர்ட், பெறும் ஐபி, பெறும் போர்ட். உங்கள் அமைப்பில் மூன்று நிலையானவை. மாறக்கூடியது அனுப்பும் போர்ட் ஒன்றுதான். லினக்ஸில் அதன் இயல்பு வரம்பு 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. இணைப்பை முதலில் மூடுகிற பக்கம் அந்தப் போர்ட்டை 60 வினாடி டைம்-வெயிட்டில் வைத்திருக்கும். கன்டென்ட்-லென்த் அளவுக்கு பைட் வந்துசேர்ந்ததும் இன்ஜின்எக்ஸ் தானே மூடிவிடுவதால் சுமை உங்கள் ப்ராக்ஸி தலையில் விழுகிறது.

28,232-ஐ 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 470. அதுதான் உங்கள் உச்சவரம்பு. 550 வேகத்தில் போனால் 51 வினாடியில் எல்லாம் காலி. முதல் போர்ட் திரும்பி வர இன்னும் 9 வினாடி. அந்த 9 வினாடிதான் உங்கள் 502.

புதுப் புது இணைப்பாகத் திறப்பதை நிறுத்துங்கள், அதுதான் சரியான மருந்து. இன்ஜின்எக்ஸ் கன்ஃபிக்கில், பின்பக்கச் சர்வரைக் குறிக்கும் அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் கீப்அலைவ் 32 (திறந்த இணைப்பையே மறுபடி பயன்படுத்த) சேருங்கள். லொகேஷன் பிளாக்கில் ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1 என்று கொடுங்கள், ப்ராக்ஸி_செட்_ஹெடர் மூலம் கனெக்‌ஷன் ஹெடரை வெற்றாக்குங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். பலர் முதல் வரியை மட்டும் போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள், 1.22 தானாகவே பின்பக்கம் எச்டிடிபி 1.0 பேசி, கனெக்‌ஷன் க்ளோஸ் அனுப்புகிறது, அதனால்தான். அந்த 32 ஒரு வொர்க்கருக்கு (இன்ஜின்எக்ஸின் ஒரு புராசஸுக்கு) எத்தனை ஓய்வு இணைப்பு வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. 8 வொர்க்கருக்கு 256. மொத்த இணைப்புக்கான வரம்பு அல்ல.

பதில் 2

ரீசைக்கிள் பற்றி: கெர்னல் 4.12-இல், 2017-லேயே தூக்கிவிட்டார்கள், நல்லதுதான். பல பயனர்களை ஒரே ஐபியில் காட்டும் முகவரி மாற்றிக்குப் (நாட்) பின்னாலிருந்து அவர்கள் வரும்போது அவர்களின் டைம்ஸ்டாம்ப் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, பாதிப் பேரின் சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) சத்தமில்லாமல் கீழே விழும். அந்தக் கையேட்டை மூடிவிடுங்கள்.

டிசிபி_டிடபிள்யூ_ரீயூஸ் வேறு. வெளியே போகும் இணைப்புக்கு மட்டும் பொருந்தும், டைம்ஸ்டாம்ப் இரு பக்கமும் இருக்க வேண்டும். இப்போதைய கெர்னல்களில் இயல்பு 2, அதாவது லூப்பேக்குக்கு (அதே மெஷினுக்குள் போகும் இணைப்புக்கு) மட்டும். 1 ஆக்கினால் உங்கள் ப்ராக்ஸிக்கு உதவும். டிசிபி_ஃபின்_டைம்அவுட்டைக் குறைக்காதீர்கள், அது ஃபின்-வெயிட்-2 (மறுபக்கமும் மூடட்டும் என்று காத்திருக்கும்) நிலைக்கானது, டைம்-வெயிட்டின் 60 வினாடி கெர்னல் நிரலிலேயே பதிந்தது.

போர்ட் வரம்பை 10240 முதல் 65535 வரை விரித்தால் 55,296 போர்ட், வினாடிக்கு 921. தற்காலிக நிவாரணம்தான். அந்த வரம்புக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஏதும் இருந்தால் அதன் போர்ட்டை ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அதன் போர்ட்டில் வேறு இணைப்பு உட்கார்ந்திருக்கும்.

சோமேக்ஸ்கான் உள்ளே வரும் இணைப்புகளின் வரிசை நீளம், உங்கள் சிக்கல் வெளியே போவதில். எப்படியும் கெர்னல் 5.4 முதல் அது 4096; லினக்ஸில் இன்ஜின்எக்ஸ் கேட்பது 511, இரண்டில் சிறியதுதான் செல்லும். அந்தப் பக்கம் சந்தேகம் இருந்தால் கெர்னலின் நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட்டில் லிசன்-ஓவர்ஃப்ளோஸ் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் கைவைக்க வேண்டாம்.

கேட்டவர்

மூன்று வரியையும் சேர்த்தேன். டைம்-வெயிட் சில நூறுக்கு இறங்கிவிட்டது, பிழை 99 போயே போய்விட்டது. மிக்க நன்றி. ஆனால் இப்போது எப்போதாவது ஒரு 502, பெரும்பாலும் (தகவலைப் பதிய அனுப்பும்) போஸ்ட் ரிக்வெஸ்டில். பின்பக்கம் இணைப்பை முன்கூட்டியே மூடிவிட்டது என்று லாக் சொல்கிறது.

பதில் 3

நோட் 18 ஓய்விலிருக்கும் இணைப்பை 5 வினாடியில் மூடிவிடும். இன்ஜின்எக்ஸ் அதையே 60 வினாடி வைத்திருக்கப் பார்க்கும். நோட் மூடுகிற அதே மில்லிவினாடியில் இன்ஜின்எக்ஸ் அதில் ரிக்வெஸ்டை அனுப்பினால் அது கேட்பாரற்றுப் போகும். (தகவலைக் கேட்டு வாங்கும்) கெட் ரிக்வெஸ்டை இன்ஜின்எக்ஸ் புது இணைப்பில் தானே மறுபடி முயலும். போஸ்டை முயலாது, இரண்டு முறை பதிவாகிவிடக் கூடாது அல்லவா.

பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிட நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஆப்பில் சர்வர்.கீப்அலைவ்டைம்அவுட்டை 65000 மில்லிவினாடி ஆக்குங்கள். ஆப்பைத் தொட முடியாவிட்டால் அப்ஸ்ட்ரீமில் கீப்அலைவ்_டைம்அவுட்டை 4 வினாடியாகக் குறையுங்கள்.

கையோடு இன்னொன்று. டெபியன் பாக்கேஜில் வொர்க்கர்_கனெக்‌ஷன்ஸ் 768. ப்ராக்ஸியில் ஒரு ரிக்வெஸ்டுக்கு இரண்டு இணைப்பு செலவாகும், ஓய்வில் இருக்கும் இணைப்புகளும் இதே கணக்கில்தான் வரும். 4096 ஆக்கி, வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைலை 8192 ஆக்குங்கள். முதலாவதை மட்டும் கூட்டினால் ஒரு புராசஸ் திறக்கக்கூடிய ஃபைல் வரம்பான (இணைப்பும் ஒரு ஃபைலாகவே எண்ணப்படும்) 1024-இல் முட்டிக்கொண்டு பிழை எண் 24 வரும்.