மறு: மறு: ‘கம்யூட்’டுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமை கெடு

அன்பர்களுக்கு வணக்கம். ரயில் நேரச் செயலியைத் தமிழாக்குவதில் ‘கம்யூட்’ (commute, தினமும் வேலைக்குச் சென்று திரும்புவது) என்ற அந்த ஒரு பொத்தான் மட்டும்தான் பாக்கி.

> மூலச்சொல்லே மாற்றம்தானே? ‘மாறு’ என்ற வேரிலிருந்து ஆக்குவோம்.

ஐயா, மூலம் அதுதான். இலத்தீனில் ‘முத்தாரே’ என்றால் மாற்றுதல். கணக்குப் பாடத்துப் பரிமாற்றுப் பண்பு, தூக்கை ஆயுளாகக் குறைப்பது, ஓய்வூதியக்காரர்கள் மாத ஓய்வூதியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் மொத்தமாகக் கேட்டு வாங்கும் கம்யூட்டேஷன், எல்லாம் அந்த வகையறா. ஆனால் ரயிலில் அது ஏறிய கதை வேறு. 1840-களில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் அன்றாடக் கட்டணத்தை மொத்தச் சலுகைத் தொகையாக மாற்றிக் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’ விற்றன. நம் சீசன் டிக்கெட்தான். மாறியது கட்டணம், ஆள் இல்லை. சீட்டின் பெயர் அதை வைத்திருந்தவருக்கு ஒட்டி, அப்புறம் அவர் போய்வருவதற்கும் ஒட்டிக்கொண்டது. ‘மாறுபயணம்’ என்று போட்டால் எழும்பூரில் வண்டி மாறச் சொல்கிறோம் என்பார்கள்.

> பயணம் வடசொல். செல்லுதல் என்ற பொருளில் சங்கத்தமிழ் ‘செலவு’ இருக்க, ‘நாட்செலவு’ எனலாமே.

செலவழுங்குதல் எனக்கும் பிடித்த துறை. பொருள்தேடக் கிளம்பிய தலைவன் தலைவி முகத்தைப் பார்த்து நின்றுவிடுவான். சீசன் டிக்கெட்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இலிருந்து எவர் முகத்தையும் பார்த்ததில்லை. ‘நாட்செலவு’ பொத்தானை அழுத்துபவர் காய்கறிக் கணக்கை எதிர்பார்ப்பார். தொல்காப்பியர் செலவைப் படர்க்கைக்கும் வரவைத் தன்மை முன்னிலைக்கும் வைத்தார், ஆகவே இரண்டும் வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் வற்புறுத்துகிறார். இரண்டையும் சேர்த்தால் ‘வரவு செலவு’. நிதியமைச்சர் வந்துவிடுவார்.

என் வாக்கு ‘போய்வருதல்’. செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் சொல்வதுதானே? ஆளுக்குப் ‘போய்வருநர்’. (இயக்குநரா இயக்குனரா என்று இங்கே யாரும் தொடங்க வேண்டாம். நேற்றே 14 மடல்.)

> கல்யாணத்துக்கும்தான் போய்வருகிறோம். ‘நாள்தோறும்’ எங்கே?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘அன்றாடப் பயணம்’ சரியாக வரும். பொத்தானில்தான் ‘அன்றாடப் ப…’ என்று வெட்டுப்படுகிறது.

போய்வருதலுக்கு ஐந்து பேர், நாட்செலவுக்கு இரண்டு, ‘கம்யூட்’ என்றே விட்டுவிடு என்று ஒருவர். வேறு மடல் வராவிட்டால் போய்வருதலை ஏற்றிவிடுகிறேன்.

---

மறு: மறு: மறு:

என் மறுப்பைப் பதிவுசெய்யவும். காய்கறி வாங்கப் போவதும் செலவுதான்.