72ஆம் கிலோமீட்டரில் தொடங்கும் ஊர்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

பணி நிமித்தம் ரஷ்யாவின் சைபீரியாவிலுள்ள இர்கூத்ஸ்க் நகரில் தங்கியிருந்தபோது நான் போய்வந்த போர்ட் பைக்கால் என்னும் சிற்றூரைப் பற்றி விரிவாக எழுதும்படி பெரியவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். பைக்கால் ஏரியிலிருந்து அங்காரா ஆறு புறப்படும் இடத்தில், மலைக்கும் நீருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. அங்கிருந்து ஏரியின் தென்மேற்கு முனையிலுள்ள ஸ்லியுத்யான்கா நகரை நோக்கி ஏரிக்கரையோரமாகச் செல்லும் ரயில் பாதையின் கிலோமீட்டர் எண்கள் ஒன்றில் தொடங்கவில்லை, 72இல் தொடங்குகின்றன. அது இர்கூத்ஸ்கிலிருந்து கணக்கிட்ட தொலைவு. ஆனால் அந்த முதல் 72 கிலோமீட்டர் வழியே இன்று எந்த ரயிலும் வர முடியாது. ஆற்றங்கரையோடு வந்த அந்தப் பாதையின் பெரும்பகுதியைப் பின்னாளில் அங்காராவில் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் மூடிவிட்டது. ஊரின் வரலாறு முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

மாஸ்கோவைப் பசிபிக் கரையோடு இணைக்கும் டிரான்ஸ்-சைபீரிய ரயில் பாதையின் பணி 1891இல் தொடங்கி, 1898இல் இர்கூத்ஸ்கை எட்டியது. பைக்காலின் தென்கரைப் பாறைகளைக் குடைந்து பாதை போட நெடுங்காலம் ஆகும் என்பதால், அதுவரை ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி ஏரியைக் கடப்பது என்று முடிவு செய்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் கட்டிய ‘பைக்கால்’ என்ற பனியுடைக்கும் கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, எதிர்க்கரையான லிஸ்த்வியான்காவில் மீண்டும் பூட்டினார்கள். தளத்தில் மூன்று வரிசைத் தண்டவாளங்கள் கொண்ட அந்தக் கப்பல் 1900இல் ஓடத் தொடங்கியபோது, அதன் துறையாகப் பிறந்த ஊர்தான் போர்ட் பைக்கால்.

எனினும் கடுங்குளிரில் ஏரியின் பனி அந்தக் கப்பலுக்கும் வழிவிடவில்லை. 1904 பிப்ரவரியில் ஜப்பானுடன் போர் மூண்டபோது, படைகளைக் கிழக்கே அனுப்ப வேறு வழியில்லாமல், உறைந்த ஏரியின்மீதே தண்டவாளம் பதித்துக் குதிரைகளைக் கொண்டு பெட்டிகளை இழுத்தார்கள். எஞ்சின்களின் எடையைப் பனி தாங்காது என்பதால் அவற்றைப் பிரித்தே கொண்டுபோனார்கள். இந்த நெருக்கடிதான் தென்கரைப் பாறைகளைக் குடைந்து போட்டுவந்த சுற்று-பைக்கால் பாதையை விரைந்து முடிக்க வைத்தது. அவ்வாண்டு இலையுதிர்காலத்திலேயே முதல் ரயில்கள் அதன் வழியே சென்றன. ஏறத்தாழ நாற்பது சுரங்கவழிகளும், பாறைச் சரிவைத் தடுக்கும் கல்சுவர்களும் அந்தப் பாதையில் உண்டு. இத்தாலியக் கொத்தர்களும் உழைத்த அந்தக் கல்வேலையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். நூறாண்டுகளுக்கும் மேலான அந்த இணைப்புகளில் விரல் நுனி நுழையும் இடைவெளிகூட இல்லை.

அதன் பிறகு ஐரோப்பாவுக்கும் பசிபிக்குக்கும் இடையிலான போக்குவரத்து இந்த ஊரைத் தொட்டே சென்றது. ஊருக்குச் சோறு போட்டதும் அதுதான். பிறகு இர்கூத்ஸ்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது, ஆற்றோரப் பாதை மூழ்கும் என்பது தெளிவாகிவிட்டது. மலைவழியாக ஸ்லியுத்யான்காவுக்குப் புதிய பாதை 1949இல் திறக்கப்பட்டது. 1956இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. நாட்டின் முதன்மைத் தடத்தில் இருந்த நிலையம் முட்டுச்சந்தாயிற்று. இரண்டு தடங்களில் ஒன்றைப் பெயர்த்தெடுத்தார்கள். வேலை போனதும் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 1970களில் ஏரியின் வடக்கே பைக்கால்-அமூர் பாதை போடப்பட்டபோது, அதற்கான சரக்கு இந்தத் துறை வழியாகச் சென்றதால் சில ஆண்டுகள் ஊர் மீண்டும் மூச்சுவிட்டது. அந்த வேலை முடிந்ததும் பாரந்தூக்கிகள் துருப்பிடித்தபடி நின்றுவிட்டன.

இவ்விடத்தில் என் கருத்தொன்றைச் சொல்ல விரும்புகிறேன். முதன்மைத் தடமாகவே நீடித்திருந்தால், மின்மயமாக்கலுக்காக அந்தச் சுரங்கவழிகளை இடித்து அகலப்படுத்தியிருப்பார்கள். ஊரின் பிழைப்பைக் கெடுத்த அதே மாற்றம்தான் அந்தக் கல்வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. இன்று அதைக் காணவரும் பயணிகளே ஊரின் முக்கிய வருவாய். ஏரியில் கிடைக்கும் ஓமூல் என்னும் மீனை வணிகத்துக்காகப் பிடிக்க 2017இல் தடை விதிக்கப்பட்டதால், ஏரியை நம்பிய பிழைப்பும் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பவர்கள் சில நூறு பேர்.

வெளியுலகத்தோடு ஊரை இணைக்கும் முறையான சாலை இன்றும் இல்லை. லிஸ்த்வியான்காவுக்குப் படகில் போகலாம்; இல்லையென்றால் வாரத்தில் சில நாள் மட்டும் வரும் சிறு ரயில்தான். ‘மதான்யா’ என்று செல்லமாக அழைக்கும் அந்த ரயிலில் நான் ஏறியபோது, எனக்கு எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி ஸ்லியுத்யான்காவில் வாங்கிய மாவு மூட்டையைக் கால்களுக்கிடையே வைத்துப் பிடித்திருந்தார். வழியில் நிலையம் என்று சொல்ல ஒன்றுமில்லாத ஓரிடத்தில் வண்டி நின்றது. ஓட்டுநரின் உதவியாளரே இறங்கி வந்து அந்த மூட்டையைத் தூக்கிக் கரையில் இறக்கி வைத்தார். மூதாட்டி அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகே வண்டி நகர்ந்தது.