கல்யாணத்துக்கு வேலை செய்ய வருபவர்களுக்கு அங்பாவ் எவ்வளவு?

கித்தாமரம்: மலேசியாவில், சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் தங்கச்சி கல்யாணம். பேசின கூலி போக, அங்பாவ் (உறையில் போட்டுக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம்) யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? எப்போது?

மஞ்சக்கயிறு: தம்பி, ஐயருக்குக் கொடுப்பது தட்சணை, அதை அங்பாவ் கணக்கில் சேர்க்காதீர்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே 51 அல்லது 101 வெள்ளி (ரிங்கிட்). மேளக்காரர்களுக்கு ஆளுக்கு ஓர் உறை. மொத்தமாக நாதஸ்வரக்காரர் கையில் கொடுத்தால் தவில்காரருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. தாலி ஏறியதும் அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடிவிடுவார்கள், ஆகவே உறைகள் மணவறைப் பக்கமே இருக்கட்டும். ஏடிஎம்மில் பெரும்பாலும் 50 வெள்ளி நோட்டுதான் வரும். 1, 10, 20 வெள்ளி நோட்டுகளைப் பேங்கில் முன்கூட்டியே மாற்றுங்கள்.

கரண்டி: அண்டா கழுவும் அக்காமார்களைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அவர்கள் கழுவி முடிக்கும்போது வீட்டார் கிளம்பியிருப்பார்கள், பணப்பையும் கூடவே போயிருக்கும். கடைசிவரை இருக்கும் மாமா ஒருவரிடம் உறைகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். தலைக்கு 20 வெள்ளி, தலைமைச் சமையல்காரருக்கு 50 போதும். போட்டோ, வீடியோ ஆள்களுக்குப் பந்தியில் உட்கார நேரம் கிடைக்காது. சாப்பாட்டை எடுத்து வையுங்கள். காசைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிசு.

கித்தாமரம்: நன்றி அண்ணே. மேக்கப் அக்கா சொந்தமாகத் தொழில் செய்கிறவர். அவருக்கும் உண்டா?

மஞ்சக்கயிறு: முதலாளியே வந்தால் கட்டாயமில்லை. சேலை மடிப்பு எடுக்கக் கூட வரும் பெண்ணுக்கு 20 கொடுங்கள். வரவேற்பு ஹோட்டலில் என்றால் பில்லைப் பாருங்கள்: 10% சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். சேவை வரி என்று இருப்பது அரசாங்கத்துக்கு. பரிமாறுகிறவருக்கு அதில் ஒரு காசும் போகாது.