சோக்டா பள்ளிக்கூடங்கள் யார் காசில் நடந்தன?

செங்கோடன்:
ஜெபராஜ் ஐயா போன வாரம் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "மிசிசிப்பிக் காட்டில் திரிந்த சோக்டா மக்களுக்குக் கைக்காசைப் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர்கள் பாஸ்டன் மிஷனரிகள்" என்கிறார். சோக்டாக்கள் அமெரிக்கப் பழங்குடிகள், காட்டில் திரிந்தவர்கள் இல்லை. சோளம், அவரை, பூசணி பயிரிட்டு ஊர் ஊராக வாழ்ந்த குடியானவர்கள். சரி, அதைக்கூட விடுகிறேன். அந்தக் கைக்காசு யார் கையிலிருந்து வந்தது?

மிசிசிப்பியிலிருந்து மேற்கே விரட்டப்பட்ட பிறகு, 1842இல் அவர்களுடைய ஆட்சிமன்றமான சோக்டா சபை தானே சட்டம் போட்டு உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கியது. ஃபோர்ட் காஃபி அகாடமிக்கும் அதன் பெண்கள் பிரிவான நியூ ஹோப்புக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சபை கொடுத்தது 6,000 டாலர். நடத்த வந்த மெதடிஸ்ட் மிஷன் சங்கம் போட்டது 1,000 டாலர். ஏழு பங்கில் ஆறு பங்கு போட்டவனைக் காணோம், ஒரு பங்கு போட்டவன் வள்ளல்!

ஜெபராஜ் நெல்லை:
தம்பி, நான் எழுதியது 1818ஐப் பற்றி. நீங்கள் 1842க்குத் தாவுகிறீர்கள். பாஸ்டன் மிஷனரி சைரஸ் கிங்ஸ்பரி மிசிசிப்பியில் யாலோபுஷா ஆற்றுப் பக்கம் எலியட் மிஷனைத் தொடங்கியபோது அங்கே எந்தச் சபைச் சட்டமும் இல்லை. மரம் வெட்டிக் கட்டடம் எழுப்பி அடுத்த ஆண்டே பிள்ளைகளைச் சேர்த்தார். 1870இல் கண்மூடும் வரை அந்த மக்களோடுதான் இருந்தார். இன்னொரு மிஷனரி சைரஸ் பையிங்டன் ஆயுள் முழுக்க அவர்கள் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். 1868இல் அவர் இறந்தபோது அகராதி அச்சேறவில்லை, 1915இல்தான் வந்தது. ஆல்ஃபிரட் ரைட் 1848இல் புதிய ஏற்பாட்டைச் சோக்டாவில் கொண்டுவந்தார், ஐந்தே ஆண்டில் தன் மிஷன் இருந்த வீலாக்கில் இறந்தார். இதையெல்லாம் எந்தப் பேரேட்டில் எத்தனை டாலர் என்று எழுதுவீர்கள்? எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவர் என் பாட்டி, ஒரு மிஷன் பள்ளியில். அந்த நன்றியோடு பேசுகிறேன்.

செங்கோடன்:
பாட்டிக்கு என் வணக்கம். ஆனால் நெல்லையில் பள்ளி நடத்தியவை இங்கிலாந்துச் சங்கங்கள், கிங்ஸ்பரியை அனுப்பிய பாஸ்டன் மிஷன் சங்கமான அமெரிக்கன் போர்டு இல்லை. நன்றியை விலாசம் பார்த்து அனுப்புங்கள்.

1818 என்றால் 1818. அமெரிக்க அரசோடு போட்ட 1816 ஒப்பந்தத்தில் டாம்பிக்பீ ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தைக் கொடுத்ததற்கு ஆண்டுக்கு 6,000 டாலர், இருபது ஆண்டுகளுக்கு. கிங்ஸ்பரி வந்த கொஞ்ச நாளிலேயே மூன்று மாவட்டத் தலைவர்களும் ஆளுக்கு 2,000 என்று அந்தத் தொகையைப் பள்ளிக்கும் கொல்லுப்பட்டறைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் பசுவும் கன்றும் கொடுத்தார்கள். 1820இல் டோக்ஸ் ஸ்டாண்ட் ஒப்பந்தத்தில் பள்ளி நிதிக்கென்றே 54 சதுர மைல் நிலம் ஒதுக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை கேட்கிறேன். 6,000 பெரிதா, 1,000 பெரிதா?

கணக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்லும் 6,000 வாஷிங்டன் கருவூலத்திலிருந்து வந்த தொகை. 1825 ஒப்பந்தத்தின் 6,000உம் அப்படித்தான். எனவே கொடுத்தது மிஷனும் இல்லை, சோக்டாவும் இல்லை, அமெரிக்க அரசு.

செங்கோடன்:
கணக்கன் சார், உங்கள் வீட்டை நான் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிறேன். அந்தக் காசில் நீங்கள் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினால், உங்கள் மகனைப் படிக்க வைத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லலாமா? அது நிலத்தின் விலை. 1830 செப்டம்பர் 27 அன்று டான்சிங் ராபிட் க்ரீக்கில் ஒரு கோடியே பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலத்தை எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தின் இருபதாம் பிரிவில் நாற்பது சோக்டா இளைஞர்களை இருபது ஆண்டுகளுக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று இருக்கிறது. சொந்த ஊரை விட்டுத் துரத்தப்படும் நேரத்திலும் பிள்ளைகளின் படிப்பை ஒப்பந்தத்தில் எழுத வைத்தவர்களைப் பார்த்து, கருவூலக் காசு என்கிறீர்கள்.

கணக்கன்:
தவணை உதாரணம் செல்லாது. வீடு விற்பவர் விருப்பப்பட்டு விற்கிறார்.

செங்கோடன்:
அதைத்தானே சொல்கிறேன். விருப்பமில்லாமல் பறிக்கப்பட்டதால் அந்தக் காசு இன்னும் கூடுதலாக அவர்களுடையது.

ஜெபராஜ் நெல்லை:
டான்சிங் ராபிட் க்ரீக் பற்றிப் பேசுவதென்றால் முழுசாகப் பேச வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை நடந்த இடத்திலிருந்து மிஷனரிகளை வெளியேறச் சொன்னார்கள் அரசு ஆணையர்கள். சாராயக்காரனும் சூதாடியும் இருக்கலாம், கிங்ஸ்பரி இருக்கக் கூடாது. ஏன்? வெளியேற்றத்தை எதிர்ப்பவர்கள் என்று அரசுக்குத் தெரியும். அப்புறம் 1831 முதல் அந்தக் குளிரிலும் பட்டினியிலும் மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடந்த மக்களுக்குப் பின்னாலேயே ரைட் போனார். 1832இல் வீலாக் மிஷனைத் தொடங்கினார். ஆயிரம் ஆயிரம் என்று ஏலம் போடுகிறவர் இந்த வரியை ஏன் எழுதவில்லை?

செங்கோடன்:
ரைட் நல்லவர். இல்லை என்று எங்கே சொன்னேன்? காசு யாருடையது என்றுதான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வாசகி மதுரை:
எனக்கு ஒரு சந்தேகம். மிஷன் பள்ளி என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? எலியட், மேஹியூ போன்ற இடங்களில் மிஷனரிகள் தங்கி நடத்தியவை ஒரு வகை. 1842க்குப் பிறகு சபை நியமித்த அறங்காவலர்களின் மேற்பார்வையில் இருந்தவை வேறு வகை. ஊர்ப்புறங்களில் சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வந்து தங்கிப் படித்த பள்ளிகளும் இருந்தன. பெரியவர்கள் சோக்டா மொழியிலேயே வாசிக்கவும் கணக்குப் போடவும் கற்றது அங்கேதான். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் நல்லது.

கணக்கன்:
அறங்காவலர்கள் இருந்தாலும் காசு கருவூலத்துடையதுதான்.

செங்கோடன்:
நிலத்தின் விலை. எத்தனை தடவை எழுதுவது?

தேவகி யாழ்:
அண்ணைமார் சண்டையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கிங்ஸ்பரியை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டுதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் ஆட்களை அனுப்பியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டு உடுவில் பெண்கள் பள்ளி. எங்களிடம் ஒப்பந்தத் தொகையும் இல்லை, நிலம் விற்ற காசும் இல்லை. அங்கே மிஷன் தன் காசைப் போட்டது உண்மைதானே? அப்படியிருக்க ஜெபராஜ் அண்ணை சொல்வதை முழுப் பொய் என்று தள்ள முடியாது.

செங்கோடன்:
யாழ்ப்பாணத்தில் அவர்கள் போட்டார்கள் என்பதால் ஃபோர்ட் காஃபியிலும் போட்டதாக ஆகுமா அக்கா? அங்கே ஆயிரம்தான் போட்டார்கள். அதுவும் போட்டது மெதடிஸ்ட் சங்கம், உங்கள் வட்டுக்கோட்டை போர்டு இல்லை.

தேவகி யாழ்:
நான் ஃபோர்ட் காஃபியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஜெபராஜ் நெல்லை:
நன்றி சகோதரி. இவருக்கு எல்லாமே ஃபோர்ட் காஃபிதான். போன மாதம் செரோக்கி எழுத்தை உருவாக்கிய செக்கோயாவைச் சோக்டா என்று எழுதி, நான் திருத்திய நாளிலிருந்து என் மேல் ஒரு கோபம் அவருக்கு.

செங்கோடன்:
அந்தத் திரியில் நான் எழுதியது வேறு, நீங்கள் வெட்டி ஒட்டியது வேறு. அதை இங்கே இழுப்பதிலிருந்தே கையில் சரக்கு தீர்ந்துவிட்டது தெரிகிறது.

கேள்விக்கு வருகிறேன். கென்டக்கியில் 1825இல் தொடங்கிய சோக்டா அகாடமியைப் பாருங்கள். ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் என்ற அரசியல்வாதியின் நிலத்தில் நடந்தது. பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரான அதே ஜான்சன். அவருக்குக் கழுத்துவரை கடன். சோக்டா கல்வித் தொகை ஆண்டுதோறும் அங்கேதான் போனது. பிள்ளைகளைக் கவனித்த விதம் பற்றிப் புகார் மேல் புகார். கடைசியில் 1840களின் தொடக்கத்தில் சோக்டா தலைவர் பீட்டர் பிட்ச்லின் போய்ப் பார்த்துப் பையன்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 1842 சட்டம். எங்கள் காசு, எங்கள் மண்ணில், எங்கள் கண் முன்னால் செலவாகட்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தது. ஸ்பென்சர், ஃபோர்ட் காஃபி, வீலாக் உறைவிடப் பள்ளிகள் எல்லாம் அந்த முடிவின் பிள்ளைகள். இதைத் தர்மம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஜெபராஜ் நெல்லை:
அப்படியானால் அந்தப் பள்ளிகளை நடத்த ஏன் மறுபடியும் மிஷனரிகளையே கூப்பிட்டார்கள்? காசு இருந்தது, சட்டம் இருந்தது, ஆள் வேண்டியிருந்தது. நம்பிக்கையான ஆள்.

செங்கோடன்:
கூப்பிட்டது அவர்கள், வேலைக்கு வந்தது இவர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

மலர்விழி:
இரண்டு பேரும் 6,000, 1,000 என்றே பேசுகிறீர்கள். அந்தத் தேசத்தில் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. சோக்டா செல்வந்தர்கள் பருத்தி வயல்களில் அடிமைகளை வைத்திருந்தார்கள். மிஷனரிகள் அந்த உரிமையாளர்களிடமிருந்தே அடிமைகளை வாடகைக்கு எடுத்துப் பள்ளி வளாகங்களில் வேலை வாங்கினார்கள். 1836இல் உங்கள் பெருமைக்குரிய சபை ஒரு சட்டம் போட்டது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மிஷனரியை வெளியேற்றலாம். ஸ்பென்சர் அகாடமியில் அப்படி வேலை செய்த வாலஸ் வில்லிஸும் மினர்வாவும் பாடிய பாடல்களைக் கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் ரீட் கேட்டு நினைவில் வைத்திருந்தார். பிறகு அவை ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர்கள் வழியாக உலகம் முழுக்கப் போயின. அந்த இருவரின் உழைப்பு உங்கள் ஏழு பங்கில் எத்தனையாவது பங்கு?

ஜெபராஜ் நெல்லை:
அடிமை முறை விவகாரத்தில்தான் அமெரிக்கன் போர்டு 1859இல் சோக்டா மிஷனையே கைவிட்டது அம்மா. அதையும் சொல்லுங்கள்.

மலர்விழி:
நாற்பது ஆண்டு கழித்து. அதுவும் கிங்ஸ்பரி போன்றவர்கள் போர்டின் அழுத்தத்துக்குக் கடைசிவரை இணங்கவில்லை. தங்கள் தேவாலயங்களில் அடிமை உரிமையாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை.

செங்கோடன்:
மலர்விழி சொல்வது முக்கியமானதுதான், ஆனால் தனித் தலைப்பு. இங்கே பேச்சு பள்ளிக் காசைப் பற்றி.

மலர்விழி:
நீங்கள் பேச விரும்பாததெல்லாம் தனித் தலைப்பு.

கணக்கன்:
காசு என்றதும் நினைவு வந்தது. 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்கு இவர்கள் 710 டாலர் அனுப்பியதாகச் செங்கோடன் இதே குழுவில் முன்பு எழுதியிருந்தார். நியூயார்க் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது 170. எண்களில் இவ்வளவு தாராளம் காட்டுகிறவரின் 6,000ஐ எப்படி நம்புவது?

செங்கோடன்:
710 என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. 170 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு ஆண்டுக்கு முன் தாய்மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள், தங்கள் ஊரான ஸ்கல்லிவில்லில் கூடிக் கடலுக்கு அப்பால் பட்டினி கிடப்பவனுக்குக் கொடுத்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் மறக்காமல் 2017இல் மிடில்டனில் ஒன்பது எஃகு இறகுகளை நிறுத்தி நினைவுச்சின்னம் வைத்தார்கள். உங்களுக்கு இலக்கம் மாறியது மட்டும் தெரிகிறது.

கணக்கன்:
அந்தக் கூட்டத்தில் அரசு முகவரும் வெள்ளை வியாபாரிகளும் மிஷனரிகளும் இருந்தார்கள். எல்லாம் சோக்டா காசு இல்லை.

ஜெபராஜ் நெல்லை:
மிஷனரிகளும் இருந்தார்கள். குறித்துக்கொள்ளுங்கள் தம்பி.

வாசகி மதுரை:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தேவகி யாழ்:
எனக்கும்தான். அதோடு ஒரு கேள்வி. சோக்டாக்கள் தாய்வழிச் சமூகம். பிள்ளையைக் கண்டிக்கவும் வழிநடத்தவும் உரிமை தாய்மாமனுக்கு. உறைவிடப் பள்ளி அந்த உறவையே வெட்டியது. காசு யார் போட்டார் என்பதை விட இது பெரிய விஷயம் இல்லையா?

ஜெபராஜ் நெல்லை:
வெட்டிய பள்ளிகளைக் கட்டியது சபை என்கிறாரே செங்கோடன். அப்போது பழியும் சபைக்குத்தானே?

செங்கோடன்:
இதுதான் உங்கள் நியாயம். புகழ் என்றால் மிஷனுக்கு, பழி என்றால் சபைக்கு. ஆங்கிலம் தெரியாமல் ஒப்பந்தத்தில் ஏமாறக் கூடாது என்று யோசித்து எடுத்த முடிவு அது. அந்தக் கல்வியில் வந்தவர்தான் ஆலன் ரைட். யூனியன் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1866இல் முதன்மைத் தலைவராகி, ஓக்லஹோமா என்ற பெயரையே கொடுத்தவர். ஆல்ஃபிரட் ரைட்டின் மொழிபெயர்ப்பு என்கிறீர்களே, பக்கத்தில் உட்கார்ந்து உழைத்த ஜோசப் டியூக்ஸ் என்ற சோக்டாவின் பெயரை இந்தத் திரியில் இதுவரை ஒருவராவது எழுதினீர்களா? 1898இல் கர்டிஸ் சட்டம் வந்து பள்ளி நிர்வாகத்தை அமெரிக்கக் கூட்டரசு கையில் எடுத்தது. எடுத்தது யாரிடமிருந்து? பாஸ்டனிடமிருந்தா? சோக்டா தேசத்திடமிருந்து. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஜெபராஜ் நெல்லை:
ஆலன் ரைட் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

கணக்கன்:
1898இல் கூட்டரசு எடுத்தது என்றால் கருவூலக் காசு என்பது இன்னும் உறுதியாகிறது.

செங்கோடன்:
நிலத்தின் விலை கணக்கன் சார், நிலத்தின் விலை. ஜெபராஜ் ஐயா, 6,000உம் 1,000உம் அப்படியே நிற்கின்றன. ஃபோர்ட் காஃபிக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதற்குப் போங்கள்.