முண்டு மிளகாய் நாற்றில் வெள்ளை இலை: தண்ணீர்க் குற்றமா, விதைக் குற்றமா?

தேவிபட்டினம் விவசாயி:
போன வருடம் நன்றாகக் காய்த்த ஒரே ஒரு முண்டு மிளகாய்ச் செடியின் பழங்களைத் தனியாகக் காயவைத்து விதை எடுத்தேன். இந்தப் புரட்டாசியில் சிறு பாத்தியில் விதைத்ததில் 212 முளைத்தன. அவற்றில் 51 நாற்றுகளுக்கு வித்திலையே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. பத்து நாளில் துவண்டு படுத்துவிட்டன. ஒட்டி நிற்கும் நாற்றோ கரும்பச்சை. கிணற்று நீர் கொஞ்சம் உவர்க்கும். ஊரில் எல்லோரும் உப்பைத்தான் சொல்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விதை கேட்டு வருகிறவர்கள் அதிகம். பழுதான விதையைக் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உப்பூர் தோட்டக்காரர்:
எங்கள் பக்கம் உப்பு ஏறினால் நாற்று வெளிறும் அண்ணே. மழைநீர் ஊற்றிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:
உப்பு என்றால் இலை ஓரம் கருகும், பாத்தியே வாடும். ஒரு நாற்றை விட்டு அடுத்ததைப் பிடிக்காது. தம்பி, நீங்கள் எண்ணி வைத்தீர்களே, அதுதான் பெரிய உதவி. 212-இல் கால் பங்கு 53. உங்களுக்கு வந்தது 51. இது உட்கருவிலுள்ள ஒரு மரபணுவின் பழுது.

பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குச் சொந்த மரபணுக்கள் நூற்றுச் சொச்சம்தான். அது வளரத் தேவையான புரதங்களோ ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவை உட்கருவின் கட்டளைப்படி வெளியே உருவாகி உள்ளே போகின்றன. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோவிலேயே பெரிய துண்டு கணிகத்தில் உருவாகிறது. சிறிய துண்டு உட்கருவின் மரபணுவிலிருந்து வருகிறது. வரவேண்டியவற்றில் முக்கியமான ஒன்று வராவிட்டால் கணிகம் முதிராமல் நின்றுவிடும். விதையில் உள்ள சேமிப்புத் தீரும்வரைதான் அந்த நாற்றுக்கு உயிர்.

தாய்ச்செடியில் அந்த மரபணுவின் நல்ல பிரதி ஒன்று, பழுதான பிரதி ஒன்று. நல்லது ஒன்றே போதும் என்பதால் அது பச்சையாக இருந்தது. தன் மகரந்தத்தாலேயே காய்த்தபோது நான்கில் ஒரு பிள்ளைக்கு இரண்டுமே பழுது. கணிகம் தாய் வழியாக வருவது; அதன் சொந்த மரபணுவில் கோளாறு என்றால் இந்தக் கால் பங்கு வராது. அந்திமந்தாரையில் ஜெர்மன் தாவரவியலாளர் கோரென்ஸ் 1909-இல் காட்டியது அதைத்தான்: வெள்ளைக் கிளையின் பூவுக்கு எந்த மகரந்தத்தை வைத்தாலும் பிள்ளை வெள்ளை.

தேவிபட்டினம் விவசாயி:
அப்படியானால் மீதிப் பச்சை நாற்றுகளைப் பிடுங்கிவிடவா ஐயா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:
வேண்டாம். மூன்றில் இரண்டு பழுதைச் சுமக்கும், ஆனால் வற்றலுக்கு ஒரு குறையும் இல்லை. விதைக்கு மட்டும் ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை மொட்டிலேயே வலைத்துணியால் கட்டுங்கள். தேனீ கலந்தால் கணக்குக் குழம்பும். அந்தப் பழத்தில் இருபது விதையாவது முளைக்க வைத்துப் பாருங்கள். ஒன்று வெள்ளையாக வந்தாலும் அந்தச் செடியின் விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தேவிபட்டினம் விவசாயி:
161 நாற்று நிற்கிறது. நடும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய ஓலை நறுக்குக் கட்டிவிடுகிறேன். பழைய கொசுவலை ஒன்று வீட்டில் கிடக்கிறது, இன்று இரவே கத்தரித்துத் தைக்கிறோம்.