கூட்டு மாத்திரை, கூட்டுப் பக்கவிளைவு: சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டாம் வகை நீரிழிவுக்குத் தரப்படும் ‘ஃபிக்ஸ்டு டோஸ் காம்பினேஷன்’ மாத்திரைகளுக்கு, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் குறித்த அளவுகளில் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகளுக்கு, ‘கலவை மருந்து’ என்ற தமிழ்ச்சொல் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலவை என்றதும் புட்டியைக் குலுக்கிக் குடிக்கும் நீர்மமே நினைவுக்கு வருகிறது. பல சரக்குகள் சேர்ந்ததைக் கூட்டு மருந்து என்று சித்த மருத்துவத்தார் சொல்வதால், ‘கூட்டு மாத்திரை’ யாருக்கும் புதிதாகத் தோன்றாது.

‘ஃபிக்ஸ்டு’ என்பதற்கு ‘நிலையளவு’ என்றால் வழக்கமான அளவு என்று பொருள்கொள்ள இடமுண்டு. ‘மாறா அளவு’ என்பதே பொருந்தும். நீரிழிவு மருந்துகளான கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரையை நாளைக்கு இரண்டு உண்பவருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்து, மெட்ஃபார்மினை மட்டும் பாதியாக்க வேண்டிவந்தால், அதே மாத்திரையைக் கொண்டு அதைச் செய்ய இயலாது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். இந்தக் கட்டுப்பாடு பெயரிலேயே தெரிவது நல்லது.

அடுத்தது பக்கவிளைவு. மெட்ஃபார்மினால் குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை ஆகியவையும், நெடுநாள் உட்கொண்டால் வைட்டமின் பி12 பற்றாக்குறையும் வரலாம். கிளிமிபிரைடால் எடை கூடலாம். இவற்றுக்குப் ‘பக்கவிளைவு’ என்ற பழகிய சொல்லே போதும். ஆனால் மருந்துகள் சேர்வதாலேயே தோன்றுகிற அல்லது கடுமையாகிற விளைவுகளுக்குத் தனிச்சொல் வேண்டும் என்பது என் கருத்து.

கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இவற்றோடு வோக்ளிபோஸ் என்ற இன்னொரு நீரிழிவு மருந்தும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு தள்ளிப்போனால் கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். கை நடுங்கி வியர்த்தவுடன் வீட்டார் வாயில் மிட்டாயையோ சீனியையோ போடுவார்கள். சீனியைச் சிறுகுடலில் உடைக்கும் நொதியை வோக்ளிபோஸ் தடுத்து வைத்திருப்பதால் அது குருதியில் சேரத் தாமதமாகும். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ்தான் விரைந்து கைகொடுக்கும். ஆபத்தை உண்டாக்குவது ஒரு மருந்து, அதற்கு நாம் அறிந்த முதலுதவியை மந்தமாக்குவது இன்னொன்று. ஒவ்வொரு மருந்தோடும் வரும் தனித்தனித் துண்டறிக்கைகளைப் படிப்பவருக்கு இந்தத் தொடர்பு எளிதில் புலப்படாது. இதைக் ‘கூட்டுப் பக்கவிளைவு’ எனலாம். ‘இணைவிளைவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது உடன் நிகழும் வேறொரு விளைவு என்று மட்டுமே பொருள் தருகிறது.

குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ‘ஹைப்போகிளைசீமியா’வுக்குச் ‘சர்க்கரைக் குறைவு’ என்பதையும் கைவிட வேண்டுகிறேன். “சர்க்கரை குறைஞ்சிருக்கு” என்று மருத்துவர் சொன்னால் நோயாளி மகிழ்ந்து வீடு திரும்புகிறார். அதே சொல்லை ஆபத்துக்கும் வைத்தால் எச்சரிக்கை உறைக்காது. பேச்சில் ‘லோ சுகர்’ என்று வேறுபடுத்தத்தான் செய்கிறார்கள். எழுத்தில் ‘சர்க்கரைத் தாழ்வு’ என்று வைத்து, குருதியில் டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கும் நிலை என வரையறுக்கலாம்.

மூன்று சொற்களும் துண்டறிக்கையில் எப்படி நிற்கும் என்று பார்க்க ஒரு வரைவு தருகிறேன், திருத்துங்கள்: “இது மாறா அளவுக் கூட்டு மாத்திரை. இதன் கூட்டுப் பக்கவிளைவாக, சர்க்கரைத் தாழ்வின்போது சீனியும் மிட்டாயும் உடனே பலன் தராமல் போகலாம். 15 கிராம் குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் குடிக்கவும். மயங்கிய நிலையில் உள்ளவருக்கு வாய்வழி எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்.”